கவுன்ட்டில் முந்தியவள்

துணிக்கடைத் தெருவின் கோடியில், மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மிஷினும் ஒரு முக்காலியும் மட்டும் கொள்ளும் இடம். அறுந்த ஜிப், கழன்ற கொக்கி, பெருத்துப்போன இடுப்பு எல்லாவற்றுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. அதனால் அங்கே தைப்பவளைத் தெருவே ஜிப்பக்கா என்று கூப்பிட்டது. செத்துப்போன கணவன் அவளுக்கு விட்டுப்போனவை இரண்டு: அந்த மிஷின், எச்.ஐ.வி. கிருமி. இரண்டையும் அவள் ஒழுங்காகப் பராமரித்தாள். மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை.

அவள் வயிறு எரிந்தது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியில் பழக்கமானவள்; மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஜிப்பக்காவுக்கு வெகுகாலம் பின்னால் வந்து சேர்ந்தவள், எல்லாவற்றிலும் முன்னால் போய்விட்டாள். அதே கிருமி உள்ள ஒரு பிளம்பரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அவன் பைக்கில் கொண்டுவந்து இறக்கி, அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுப் போவான். ஜிப்பக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முழுசாகப் பார்த்து முடித்த பிறகு.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் பெஞ்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மார்க் விசாரிப்பு நடக்கும். உடம்பைக் காக்கிற அணுக்களின் கணக்கு அது, கூடக்கூட நல்லது.

"எவ்வளவுடி கவுன்ட்?"

"எழுநூறு தாண்டிருச்சுக்கா. உங்களுக்கு?"

"ஏதோ இருக்கு."

இந்த முறை டாக்டரம்மா இருவருக்கும் ஈரல் ஸ்கேன் எழுதினார்.

"எனக்கு எங்கயும் வலிக்கலையே டாக்டர்?"

"வலிக்கிற வரைக்கும் விடக்கூடாதும்மா. ஈரல் கெட்டாலும் வாயைத் திறக்காது. நாமதான் முந்திக்கிட்டுப் பார்க்கணும்."

ஜிப்பக்கா வெறும் வயிற்றோடு படுத்தாள். விலா இடுக்கில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல் டொக் டொக்கென்று தட்டினார் மிஷின்காரர்.

"எவ்வளவு வந்திருக்கு தம்பி?"

"பத்து. டாக்டரைப் பார்த்துட்டுப் போங்கம்மா."

வெளியே கண்ணாடிக்காரி தானாகவே சொன்னாள். "எனக்கு நாலரைக்கா."

"எனக்குப் பத்து!"

கண்ணாடிக்காரியின் முகம் செத்துவிட்டது. ஜிப்பக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. பொறாமை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"அக்கா, இருங்க, இது வந்து..."

"விடுடி. அடுத்த தடவை உனக்கும் ஏறும்."

டாக்டரைப் பார்க்காமலே கிளம்பினாள். வழியில் ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி, நின்றபடியே குடித்துத் தீர்த்தாள்.

மத்தியானம் படிக்கட்டுக்கு எதிரே பைக் நின்றது. கண்ணாடிக்காரி இறங்கி ஓடிவந்தாள்.

"அக்கா, இது கவுன்ட் மாதிரி இல்ல. ஈரல் எவ்வளவு இறுகிப்போயிருக்குன்னு காட்டுற நம்பர். கூடினா கெட்டது."

"ஓஹோ. ஒரே ஒரு தடவை நான் முந்தினா உனக்குப் பொறுக்கலையா?"

கண்ணாடிக்காரிக்குச் சுருக்கென்றது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "சரி, நான் புளுகுறேன்னே வெச்சுக்கங்க. டாக்டர்கிட்ட வந்து என்னைக் கையும் களவுமா பிடிங்க."

அந்த வாய்ப்பை விட ஜிப்பக்காவுக்கு மனம் வரவில்லை. மிஷினை மூடிப் பூட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து அவர்கள் பின்னாலேயே போனாள்.

டாக்டரம்மா ரத்த முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தார். "கொழுப்பு சேர்ந்து, தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கும்மா. முத்தல. எடையைக் குறைச்சு, இனிப்பை நிறுத்துனா இறங்க வாய்ப்பிருக்கு. கேட்காம எந்த டானிக்கும் குடிக்காதீங்க. இன்னும் சில வருஷம் கழிச்சு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

ஜிப்பக்காவின் கை தானாக வலது விலாவைத் தொட்டது. பிறகு கேட்டாள்:

"நாலரைக்குக் கீழ வருமா டாக்டர்?"

"அதென்ன நாலரை?"

"சும்மாதான்."

வெளியே கண்ணாடிக்காரி கடைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

"ஆரம்பம்தானாம். சரி பண்ணிடலாமாம்."

கண்ணாடிக்காரி முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். அழகு, புருஷன், கவுன்ட், ஈரல் எல்லாம் போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று ஜிப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் நகருடி," என்று அவளை இடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.