ஒரே லாரிக்கு இரண்டு கலர் கூலன்ட்

எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு லாரி இருந்தது. அதற்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் என் அப்பா, இன்னொருவர் அவருடைய தம்பியான என் சித்தப்பா. இருவரும் ஒன்றாக இருந்த காலத்தில் கரும்பு ஏற்றுவதற்காக வாங்கிய வண்டி அது. பிறகு போர்வெல் தண்ணீரை யார் எப்போது பாய்ச்சுவது என்று தகராறு வந்து, பேச்சு அடியோடு நின்றுபோனது. வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்துக்கொண்டார்கள். லாரிக்கு நடுவில் வைக்க முடியவில்லை. விற்கவும் இருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் ஒரு வாரம் அப்பா ஓட்டுவார், அடுத்த வாரம் சித்தப்பா.

சொல்லியே தீரவேண்டிய விஷயம் ஏதாவது இருந்தால் என் மூலமாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்று இவர் ஆரம்பிப்பார். "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று அவர் பதில் அனுப்புவார். பெரும்பாலும் இருவரும் ஒரே வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனாலும் நான் இங்கிருந்து அங்கே போய், ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டுத் திரும்புவேன். அந்த வேலையில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. வகுப்பு லீடருக்குக்கூட இவ்வளவு மதிப்பு கிடையாது.

அன்றைக்கு வண்டி சித்தப்பாவின் முறை. குருவிநத்தத்து ஆற்றோரம் அவருடைய கரும்பு வெட்டிக் கிடந்தது. வெயில் ஏற ஏறக் கரும்பு காயும், எடை குறையும். ஆலையில் இறக்க அவருக்குக் கிடைத்த நாளும் அதுதான். தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. அப்படிப்பட்ட நாளில் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் கொதித்து, ஆவி பறக்க நின்றுவிட்டது. தெருவில் இருந்தவர்கள் சேர்ந்து தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வெட்டு சமயம் என்பதால் வேறு லாரியும் கிடைக்கவில்லை. வில்லியனூர் மெக்கானிக் நாளைக்குத்தான் வர முடியும் என்று போனில் சொல்லிவிட்டார். சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் கரும்பு முந்தின வாரமே ஆலைக்குப் போய்விட்டது. அவர் பேசாமல் உள்ளேயே இருந்திருக்கலாம். ஆனால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனர் பையோடு வந்தார்.

"இன்னிக்கே இந்த வண்டி ஆலைக்குப் போயாவணும்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன். சித்தப்பா எழுந்து நின்றார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தார் அப்பா. தண்ணீர் வரவில்லை. கேழ்வரகுக் கூழ் மாதிரி பழுப்பாக ஏதோ ஒன்று சொத் சொத்தென்று விழுந்தது. அதைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பாகூர் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே லாரி சாமான் கடை வைத்திருந்த பாய் பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ரெண்டு கலரையும் கலந்துட்டீங்களா? நீங்க எப்பவும் பச்ச கூலன்ட் வாங்குவீங்க. உங்க தம்பி செவப்பு வாங்குவாரு. அவரு வேற வண்டி வச்சிருக்காருன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

எஞ்சின் சூடாகாமலிருக்க ஒருவர் ஊற்றியது இன்னது என்று மற்றவரிடம் சொல்லச் சொல்லி என்னிடம் யாரும் சொன்னதில்லை. அதில் என் பிசகு ஒன்றும் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். இந்த எஞ்சினுக்கு எது ஊற்றினாலும் ஒத்துக்கொள்ளும், இரண்டையும் சேர்த்து ஊற்றினால்தான் வம்பு என்றார் பாய். உள்ளே இருப்பது முழுக்கக் கழுவிப் போக வேண்டும், தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக்கூடாது என்றும் சொல்லி, கழுவுகிற மருந்தை எடுத்து வைத்தார். எந்தக் கூலன்ட் வேண்டும் என்று கேட்டபோது அப்பா சிவப்பு டப்பாவைக் காட்டினார். அவசரத்தில் மாற்றிக் காட்டுகிறார் என்று நினைத்து, "நம்ம கலரு பச்சப்பா" என்றேன்.

"தெரியும்" என்றார்.

திரும்பி வந்ததும் வேலை மும்முரமானது. எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால், அம்மா எங்கள் வாசலிலிருந்தும் சித்தி அந்தப் பக்கத்து வாசலிலிருந்தும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மருந்தைக் கலந்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்தி, ஆறவிட்டுத் திறக்க வேண்டும். அப்பா கீழே படுத்திருந்தார். சித்தப்பா ஸ்டீரிங் முன்னால் இருந்தார். நான் பம்பர் ஓரமாக நின்று, ஸ்டார்ட் பண்ணச் சொன்னதையும் நிறுத்தச் சொன்னதையும் தொண்டை கிழியக் கத்தினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சித்தப்பா சாவியைத் திருப்பிவிடுவார். எவ்வளவு சுறுசுறுப்பு என்று வியந்தேன்.

முதலில் பழுப்பு, பிறகு டீ நிறம், பிறகு கலங்கல். அம்மா வைத்த சோறு ஆறிப்போனது. "இவ்ளோ போதும்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் சித்தப்பா. "இன்னும் ஒரு தபா" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. அந்த ஒரு தபா எத்தனையோ தபா ஆனது. வயலில் வெட்டாட்கள் காத்திருப்பதாகப் போனுக்கு மேல் போன் வந்தது. அப்பா அசையவில்லை. கடைசியில் தம்ளரில் பிடித்துக் குடிக்கலாம் போலத் தண்ணீர் விழுந்த பிறகுதான் திருகை முடுக்கிவிட்டு எழுந்தார். சாக்கிலிருந்து சிவப்பு டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார்.

சித்தப்பாவின் முகம் மாறியது.

"இன்னாத்துக்கு செவப்பு? அவரு ஊத்துறது பச்ச. பச்சையே வாங்கியாரச் சொல்லு."

"செவப்பே இருக்கட்டும்னு சொல்லு."

"யாரும் எனக்காவ விட்டுக் குடுக்க வாணாம்னு சொல்லு!"

நான் எதை எடுத்துக்கொண்டு யாரிடம் ஓடுவது என்று புரியாமல் நடுவில் திணறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"டேய்! யாருடா உனக்கு விட்டுக் குடுத்தது? அங்க கரும்பு காயுது. ஊத்துடா!"

"ஊத்துறேன், ஊத்துறேன். நீ கத்தாதண்ணா!"

பள்ளிக்கூடத்தில் டா போட்டுப் பேசினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள். என் மூலம் பேசியபோது இருவரும் ஒருநாளும் இப்படி மரியாதை கெட்டுப் பேசியதில்லை. நான் கவனிக்காமல் விட்டதால்தான் கைமீறிவிட்டது என்று அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, சண்ட! அப்பா சித்தப்பாவ டேய்ங்கறாரு!"

ஓடிவந்து விலக்கிவிடுவாள் என்று பார்த்தால், அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சொன்னாரு? இன்னொரு தபா சொல்லு."

"ஊத்துடான்னாரும்மா."

"ஊத்துடான்னா சொன்னாரு?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே லாரி உறுமியது. வாசலுக்கு ஓடினேன். முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டே, வயல் பக்கம் வண்டியைத் திருப்பினார்கள். போய்ச் சேருவதற்குள் கைகலப்பாகிவிடும், யாராவது கூடப் போங்களேன் என்று தெருவில் நின்று நான் ஓவென்று அழுதேன். அம்மாவும் சித்தியும் அவரவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள்.