அத்தான் ரோபோ இல்லை

அந்த ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவள் ஒருத்திதான். பில் போடும் இடத்தில் இருந்தவளை, டைப்பிங் வேகமாக வருகிறது என்ற ஒரே குற்றத்துக்காக இந்த வேலையில் தூக்கி உட்கார வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. எதைத் தொட்டால் எது உடையும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

போன மாதம் ஆஸ்பத்திரி வக்கீல் ஒரு கடிதத்தை மேஜையில் போட்டார். பார்வையில்லாதவர்களும் வெப்சைட்டைப் பயன்படுத்த முடிய வேண்டும், அது சட்டம், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கெடு. பதினொரு பக்கம். எழுதியவர்களுக்கு முற்றுப்புள்ளி என்றாலே ஆகாது போலிருக்கிறது. நாலு தடவை படித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது. ஒவ்வொரு படத்துக்கும் அது என்னவென்று உள்ளே எழுதி வைத்தால், போன் அதை வாசித்துக் காட்டும்.

அவளுக்கு இதில் சொந்த ஆசையும் இருந்தது. அக்கா வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது. டெலிபோன் ஆபரேட்டர், ஊர் நம்பரெல்லாம் மனப்பாடம். வெப்சைட்டில் டாக்டரிடம் நேரம் வாங்க மட்டும் இவளைத்தான் கூப்பிட வேண்டும். “ஒரு தடவையாவது நானே போடணும்மா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

மூன்று வாரம் எழுதித் தள்ளினாள். நேரம் வாங்கும் கடைசிப் பக்கத்தில் ஒன்பது படங்கள். பூனை இருப்பதைத் தொட்டால்தான், வந்திருப்பது ரோபோ இல்லை என்று நம்பி உள்ளே விடும். அங்கேயும் உள்ளது உள்ளபடி எழுதினாள்: பூனை, நாற்காலி, பூனை.

கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரி குதித்தார். “விடைய நீங்களே எழுதி வெச்சா ரோபோவும் படிச்சிட்டு உள்ள வந்துடுமே!”

“எழுதலைன்னா சட்டப்படி தப்பு சார்.”

“எழுதினா எனக்குத் தப்பு.”

வக்கீலிடம் ஓடினாள். “படத்துக்கு ஏதாவது பேர் இருக்கணும், அவ்வளவுதானே? ‘படம்’னு எழுதுங்க” என்றார் அவர்.

ஒன்பதுக்கும் அப்படியே எழுதினாள். சட்டப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம் நூற்றுக்கு நூறு கொடுத்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தான் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குஷி.

“கடைசி வரைக்கும் வந்துட்டேம்மா! இப்போ படம், படம், படம்னு ஒன்பது தடவை சொல்லுது. எதைத் தொடணும்?”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. “இருங்க அத்தான், நானே போட்டுடறேன். எந்த டாக்டர்?”

“எதைத் தொடணும்னு மட்டும் சொல்லும்மா.”

“அத்தான், எந்த டாக்டர்னு சொல்லுங்க.”

“அதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுதாம்மா நானே போட வந்தேன்” என்றார் அத்தான்.