ஏழாம் அறையின் டூ-வொப்

டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தின் ஏழாம் அறைக்கு ஒரு டேனிஷ் பெரியவர் வந்து சேர்ந்தார். முதல் வாரமே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. நான் கதவைத் திறந்தால் போதும், "டும் டும் பா, டூபி டும்" என்று அடித்தொண்டையில் தொடங்கிவிடுவார். ஒருநாள் அவர் அறையில் நின்றபடி தங்கச்சியோடு போனில் தமிழில் கதைத்தேன். அன்றைக்கு டும் டும் இன்னும் கூடியது. என் பாஷையைத்தான் நையாண்டி செய்கிறார் என்று முடிவுகட்டினேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பஸ்ஸில் அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"வயசு போன மனுசன், விடுமன்."

"உங்களுக்கு ஒருத்தன் அப்பிடிச் செய்தா விடுவியளோ?"

மறுநாள் மேலாளரிடம் முறையிட்டேன். அவள் பெரியவரிடம் விசாரித்தாள், அவருடைய மகளுக்கும் அறிவித்தாள்.

மகள் வந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினாள். ஒரே மாதிரிக் கோட்டுப் போட்ட நான்கு இளைஞர்கள், நடுவில் ஒரு மைக்.

"இவை நாலு பேரும் அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டு டூ-வொப் பாடினவை. ஒருத்தர் பாட்டைப் பாட, மற்றவை பின்னால இப்பிடிச் சத்தம் குடுக்கிறது. அப்பாதான் கீழ்க்குரல். மற்ற மூண்டு பேரும் இப்ப இல்லை. அறைக்குள்ள ஒரு குரல் கேட்டாலே தன்ர பங்கைத் தொடங்கிவிடுவார்."

உடனே நம்பிவிடவில்லை. பிள்ளை தகப்பனைக் காப்பாற்றத்தானே பார்ப்பாள்? வீட்டுக்குப் போய் அந்த வகைப் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். நாலாவது பாட்டில், பாடகருக்குப் பின்னால் அதே டும் டும். முகம் சூடேறியது.

அதற்குப் பிறகு நான் போனால் ஏழாம் அறையில் சத்தமே இல்லை. இப்போது அவர் என்னைச் சந்தேகித்தார்.

"பாடுங்கோ," என்றேன்.

"எதுக்கு? திரும்பவும் மேலாளரிட்ட முறையிடவோ?"

"பிழை என்னிலதான். நானும் சேர்ச்சில பாடுறனான்."

"அப்ப பாடும், பாப்பம்."

பூசையில் பாடும் தமிழ்ப் பாட்டொன்றில் நாலு வரி பாடினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"மேல போகேக்க சுருதி இறங்குது."

சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் எங்கள் பாடகர் குழுவில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. திரும்பப் பாடினேன். இறங்கும் இடத்தில் விரலை உயர்த்திக் காட்டினார்.

இப்போது காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடும்போது இருவரும் கொஞ்சம் பாடுகிறோம். நான் இல்லாத நேரம் என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று மட்டும் மற்றவர்களிடம் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.