வாசலில் அழித்த பொட்டு

அம்மாவின் குங்குமச் சிமிழை இன்று திறந்தபோது, அந்த மஞ்சள் மணத்தோடு, இப்போது பற்றைக்காடு மூடிக் கிடக்கும் எங்கள் கிளிநொச்சிக் கொட்டிலும், அதன் கிடுகுச் சுவரில் செருகியிருந்த உடைந்த கண்ணாடியும் கண்முன் வந்தன.

கொழும்பிலிருந்து அங்கே போனவர்கள் நாங்கள். கலவரத்துக்குப் பிறகு, தான் பிறந்த தெருவிலேயே தமிழ் பேசப் பயந்த அம்மா, வெளியே இறங்குமுன், தமிழர் என்று காட்டிக்கொடுக்கும் பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவார். "இனி இது எங்கட ஊர் இல்லை" என்று அப்பா ஒருநாள் சொல்ல, புறப்பட்டோம். ஆனால் கிளிநொச்சியிலும், குடத்தோடு வாசல் படலையைத் தாண்டும்போதெல்லாம் அம்மாவின் கை தானாகவே நெற்றிக்குப் போகும்.

"ஏன் தங்கச்சி அழிக்கிறாய்? இஞ்ச ஆருக்குப் பயம்?" என்று கேட்டார், பக்கத்து வளவு அன்னம் அக்கா. அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதார். மறுநாளிலிருந்து ஐம்பது சதக் காசளவு பொட்டோடுதான் தண்ணீருக்குப் போனார்.

பிறகு, வவுனியாவுக்கு மருந்து வாங்கப் போன அப்பா திரும்பி வரவேயில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு, அதே அன்னம் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இனியும் பொட்டு வைக்கலாமோ, தங்கச்சி?"

அம்மா கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை.

"கொழும்பில அழிச்சதே போதும், அக்கா."