நாற்பத்தாறு மார்க்

பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறையில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தட்டச்சு இயந்திரம் பரணுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த கணினியும் இரண்டு முறை மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. மதிப்பெண் பட்டியல், சான்றிதழ், சுற்றறிக்கை எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும். இருபத்திரண்டு வருஷம் அந்தத் துறையில் உட்கார்ந்திருந்தும் அங்கே கற்றுக்கொடுத்த மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. கேட்டால், "சமையல்காரிக்குப் பசி எடுக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மகன் வெளிநாட்டிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகு அந்தச் சிரிப்பு குறைந்தது. மருமகள் அந்த மொழிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். மாமியார் சொல்வதை மகன் மருமகளுக்குச் சொல்லுவான், மருமகள் சொல்வதை மாமியாருக்குச் சொல்லுவான். ஒருநாள் வாசலில் யாரோ மணி அடித்தார்கள் என்று அவன் எழுந்து போய்விட்டான். மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கன்னம் வலித்தது. அவன் திரும்பி வர ஏழு நிமிஷம் ஆயிற்று.

மறுநாளே அவள் துறை நடத்தும் 'அன்றாடப் பேச்சு' வகுப்பில் பெயர் கொடுத்தாள். ஊழியர்களுக்கும் இடம் உண்டு என்ற அறிவிப்பை வருஷா வருஷம் அவள்தானே தட்டச்சு செய்கிறாள்.

வகுப்பில் முப்பது பேர், எல்லாரும் அவள் மகனைவிடச் சின்னவர்கள். ஆசிரியைக்கே முப்பது வயதுதான். டைப்பிஸ்ட் அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் முன்வரிசையில் தோள்கள் குலுங்கும். "கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்பதாக நினைத்து, "கழுதை எங்கே இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாயே திறப்பதில்லை.

முதல் தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கினாள். அது பெரிய அவமானம் இல்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து, தன் பதினேழாம் எண்ணுக்கு நேரே ஒன்பது என்று போட்டு, துறை முத்திரை குத்தி, பலகையில் ஊசி வைத்துக் குத்தியதும் அவளேதான். பலகைக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் அவளுக்கு வழி விட்டார்கள். அந்த மரியாதைதான் சுட்டது.

பருவத் தேர்வு வந்தது. ஆசிரியை கையெழுத்தில் எழுதிய வினாத்தாளோடு மேஜைக்கு வந்து தயங்கினாள்.

"அக்கா, நீங்களும் எழுதுறீங்களே. இதை வேற யாருகிட்டயாவது அடிக்கக் குடுக்கட்டுமா?"

"அடிக்கிறப்ப விரலுக்குத்தாம்மா வேலை. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா.

ஆசிரியை நம்பினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மேஜையிலிருந்து ஒரு கேள்விகூட வெளியே கசிந்ததில்லை. அன்றும் கசியவில்லை, அவள் தலைக்குள்தான் போயிற்று. வீட்டில் உட்கார்ந்து பத்து நாள் உருப்போட்டாள், கேள்விகளை விட்டுவிட்டுப் பதில்களை மட்டும். கடைக்காரரிடம் ஒரு பதில், பேருந்தில் ஒரு பதில், மருத்துவரிடம் ஒரு பதில்.

நாற்பத்தாறு வந்தது. வகுப்பிலேயே இரண்டாவது இடம். ஆசிரியை அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்த வயசுல அக்கா உழைச்சதைப் பாருங்க" என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தால் அது அவளுக்கும் அவள் மனசாட்சிக்கும் உள்ள தகராறாக முடிந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, விடுதிக் காப்பாளர் துறைக்கு ஓடி வந்தார். அந்த மொழி பேசும் நாட்டிலிருந்து படிக்க வந்து பத்து நாளே ஆன மாணவி ஒருத்தி வயிற்று வலியில் சுருண்டு கிடக்கிறாள். இங்குள்ளவர்கள் பேச்சு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆசிரியை கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்தாள், போன் எடுக்கவில்லை. துறைத் தலைவர் அறைக்கு வெளியே வந்து சுற்றிப் பார்த்தார்.

"நம்ம டைப்பிஸ்ட் அக்கா இருக்காங்களே. நாப்பத்தாறு மார்க்கு."

முடியாது என்று சொல்ல அப்போது ஒரு நொடி இருந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பச்சைத் திரைக்குப் பின்னால் அந்தப் பெண் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. தன் மொழி தெரிந்தவள் வந்திருக்கிறாள் என்று யாரோ சைகை காட்டியதும் அவள் கண் நனைந்தது.

"எப்போலேருந்து வலி, இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கான்னு கேளுங்கம்மா" என்றார் மருத்துவர்.

டைப்பிஸ்ட் அக்காவுக்கு அந்தக் கேள்விகள் தெரியாது. தெரிந்தது ஒரு நோயாளியின் பதில். அதையே சொன்னாள்: "எனக்கு நேற்றிலிருந்து காய்ச்சல்."

அந்தப் பெண் குழம்பிப்போய்ப் பார்த்தாள். பிறகு மூச்சு வாங்க ஏதோ நீளமாகச் சொன்னாள். புஜத்தைத் தட்டித் தட்டி ஒரே வார்த்தையை மூன்று முறை சொன்னாள்.

"போன்ல போட்டு மொழிபெயர்த்துப் பாக்கலாமா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"வேணாம்மா, புரியுது" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. மருத்துவரைப் பார்த்து, "நேத்துலேருந்து வலிக்குதாம் டாக்டர். மருந்தெல்லாம் ஒத்துக்குமாம்" என்றாள். புஜத்தைத் தட்டியதை, ஊசி போடச் சொல்கிறாள் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ள அவளுக்கு வசதியாக இருந்தது.

ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் கழுத்தெல்லாம் தடிப்பு கிளம்பியது, கண் இமை வீங்கியது, மூச்சு இழுத்தது. நர்ஸ் கத்தினாள். நாலு பேர் ஓடி வந்தார்கள். டைப்பிஸ்ட் அக்காவைத் திரைக்கு வெளியே தள்ளினார்கள். சுவரோடு ஒட்டி நின்று, உள்ளே கருவிகள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்தார். பொழைச்சுக்கிட்டா என்றார். பிறகு கேட்டார்:

"ஒத்துக்குமான்னு நல்லா கேட்டீங்களா?"

"கேட்டேன் டாக்டர். அவதான் அப்படிச் சொன்னா."

சொன்ன கணத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மார்க்குக்காகச் செய்தது ஒரு தப்பு. தெரியாமல் தலையாட்டியது இன்னொன்று. இதுவோ, படுத்துக் கிடந்த பிள்ளையின் தலையில் பழியைத் தூக்கி வைத்தது. மருத்துவர் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். உள்ளே போனபோது அந்தப் பெண் வீங்கிய முகத்தோடு அவள் கையைப் பிடித்து 'நன்றி' என்றாள். டைப்பிஸ்ட் அக்காவுக்கு உண்மையிலேயே புரிந்த ஒரே வார்த்தை அது.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. "ஒரு உசுரைக் காப்பாத்திட்டு வந்திருக்கே, ஏன் இப்படி இருக்கே?" என்றார் கணவர். துறைத் தலைவர் போன் செய்து அவரிடம் பாராட்டியிருந்தார். அவள் எழுந்து போய்த் துவைத்த துணியை மறுபடியும் மடித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியை ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக, டைப்பிஸ்ட் அக்கா கதவைச் சாத்திவிட்டு எதிரே நின்றாள். அந்தப் பெண் மூன்று முறை சொன்ன வார்த்தையின் ஓசை காதிலேயே இருந்தது. அதைச் சொல்லி, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள்.

"'ஒத்துக்காது'ன்னு அர்த்தம்க்கா. ஏன்?"

டைப்பிஸ்ட் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், வினாத்தாளிலிருந்து ஆரம்பித்து, ஒன்றுவிடாமல். ஆசிரியை திட்டவில்லை. "நான் உங்களை நம்பித்தானே அக்கா குடுத்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எந்த மொழியிலம்மா சொல்றது?"

"நான் கத்துத் தரேன். ஆனா நீங்கதான் சொல்லணும்."

மூன்றே வாக்கியங்கள். எனக்கு உங்கள் மொழி தெரியாது. தெரிந்தது போல நடித்தேன். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள், தப்பு என்னுடையது. மதியம் முழுக்க ஆசிரியை சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். சாயங்காலம் விடுதி அறைக்குப் போய், கட்டிலில் சாய்ந்திருந்த அந்தப் பெண் முன்னால் நின்று சொல்லி முடித்தாள். அந்தப் பெண் அவளையே பார்த்தாள். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டைப்பிஸ்ட் அக்கா மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள். "அந்தத் தாள்ல தப்பா எழுதியிருக்கு டாக்டர். அந்தப் பொண்ணு ஒத்துக்காதுன்னுதான் சொல்லிச்சு. எனக்குத்தான் புரியல" என்றாள். மருத்துவர் பேனாவை எடுக்கும்போது, பக்கத்தில் நின்ற நர்ஸ், "புரியலன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே" என்றாள். தாளில் திருத்தம் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் டைப்பிஸ்ட் அக்கா வெளியே வந்தாள்.

துறைத் தலைவர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். வினாத்தாள் வேலை வேறொருவர் மேஜைக்குப் போயிற்று. பதினேழாம் எண்ணின் மதிப்பெண் ரத்து என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்யும் வேலை மட்டும் அவளிடமே வந்தது. அதையும் செய்தாள். விஷயம் நடைவழி முழுக்கப் பரவிற்று. கை தட்டிய பிள்ளைகளே அவள் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள்.

அடுத்த வருஷம் அதே வகுப்பில் மறுபடியும் பெயர் கொடுத்தாள். இந்த முறை முன் பெஞ்சில், ஆசிரியையின் கண்ணுக்கு நேரே. தினமும் கை தூக்கி, புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றாள். வருஷக் கடைசியில் முப்பத்தொன்று வாங்கினாள். மருமகளிடம் இப்போது நாலு வாக்கியம் பேசுவாள், தப்பும் தவறுமாக. மருமகள் பொறுமையாகத் திருத்துவாள். முப்பத்தொன்றைச் சொன்னதும் மகன், "என்னம்மா குறைஞ்சிடுச்சு, போன தடவை நாப்பத்தாறாச்சே?" என்று கேட்டான். நடந்ததை அவனுக்கும் அவள் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த மாணவி படிப்பை முடித்துக் கிளம்பும் வரை வாரம் ஒருமுறையாவது அலுவலகத்தைத் தாண்டிப் போவாள். டைப்பிஸ்ட் அக்கா எழுந்து நிற்பாள். சில நாள் அந்தப் பெண் லேசாகத் தலையசைப்பாள், சில நாள் பார்க்காமலே போவாள். எந்த நாளும் உள்ளே வந்ததில்லை.