கதவோடு வெளியே வந்தவர்

எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாடவேண்டும். பாட்டு வராதவர் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அப்பா வாய்ப்பாடு சொல்வார். பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் தாண்டினால் அவருக்கு வயிறு சரியில்லை என்று அர்த்தம். சித்தி இருமுவார். அம்மா பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுவார். அதற்கு முடிவே கிடையாது என்பதால் வெளியே நிற்பவர் பாடு திண்டாட்டம். விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்போம், அடுத்ததாக, "உங்களுக்கு என்ன பாட்டு தெரியும்?" என்று கேட்போம்.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. கேட்டால், "இந்த வீட்டுக் காத்துக்கு இரும்பு துருப்பிடிக்குது, அதான் கழட்டிட்டேன்" என்பார். ஜன்னல் கம்பியும் இரும்புதான். அதற்கு மட்டும் அந்தக் காற்று ஆகும் போலிருக்கிறது.

சித்தப்பா ஒரு பெரிய ஆபீஸில் கார்பெண்டர். நொண்டும் நாற்காலி, திறக்காத டிராயர், மேஜைக்கு அடியில் காகிதம் மடித்து வைத்தும் ஆடுகிற கால், இவைதான் அவருடைய நோயாளிகள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். கல்யாணத்துக்கும் அதோடுதான், துக்கத்துக்கும் அதோடுதான். அவருடைய கல்யாணப் போட்டோவிலேயே அதன் மஞ்சள் பிடி எட்டிப் பார்க்கும். லிஃப்டில் ஏறமாட்டார், "முட்டிக்குப் பயிற்சி" என்பார். ஏழாவது மாடிக்கு மேஜையைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்குப் பெயர் பயிற்சி.

ஒன்பது வயதில் நான் ஒரு வேலை செய்தேன். அவர் ஆபீஸ் சாமான் அறைக்குள் போனதும் வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கத்துவார், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். கத்தவில்லை, தட்டவுமில்லை. பத்து நிமிஷம் கழித்துச் சித்தப்பா வெளியே வந்தார், கதவோடு. கதவை முழுசாகக் கழற்றித் தோளில் வைத்திருந்தார். சட்டை நனைந்திருந்தது.

"கீல் கொஞ்சம் சரியில்ல குரங்கே, பார்த்தேன்" என்றார்.

அன்றைக்கு அப்பா என்னை அடிக்கவில்லை. மாடிப்படியில் உட்காரவைத்துச் சொன்னார். "படிக்க வைக்கிறேன்னு ஒரு மாமா உன் சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போனார். ரெண்டு வருஷம் அங்க இருந்தான். தப்பு செஞ்சா அலமாரிக்குள்ள தள்ளி வெளியே தாழ்ப்பாள். லீவுக்கு நான் போனப்ப, சாப்பிட்டுட்டு இருக்கேன், உள்ளேர்ந்து தட்டுற சத்தம். என்னன்னு கேட்டேன். எலின்னார் மாமா. எனக்குப் பன்னெண்டு வயசு. எலி இல்லைன்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னு போச்சு. நான் மோர் ஊத்தி மிச்சத்தையும் சாப்பிட்டேன்."

பிறகு, "இது உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியக்கூடாது" என்றார். அப்படித்தான் சித்தப்பா எங்களிடம் மறைக்கிறதை நாங்கள் அவரிடம் மறைத்துக்கொண்டு, எல்லாரும் துருவைப் பற்றிப் பேசிக்கொண்டு, குளியலறையில் பாடிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் ஆபீஸில் நாடகம் போட்டார்கள். எழுதியது டைப்பிஸ்ட் அக்கா. பெரியப்பா வீட்டில் வளர்கிற எட்டு வயசுப் பையனை, அந்தப் பெரியப்பா அடித்து அலமாரிக்குள் பூட்டுகிறார். இருபது வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து அதே அலமாரி முன்னால் நிற்கிறான். இதுதான் கதை. டைரக்டர் ஆபீஸ் ஸ்டோர் கீப்பர். பெரியப்பா வேஷமும் அவருக்கே.

"இந்தக் கதையை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஏதோ மொழிபெயர்ப்புக் கதை சார்."

"எந்த மொழி?"

"ஞாபகம் இல்ல சார்."

அவர் அறிவிப்புப் பலகையில் 'அயல்நாட்டுக் கதையைத் தழுவியது' என்று எழுதி ஒட்டிவிட்டார். அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும், பட்டப்பகலில்கூட. மெஷினுக்குப் பின்னால் விழுந்த கார்பன் தாளைத் தேட என்பார். எனக்கு அந்த டார்ச்சைப் பார்த்ததும் சித்தப்பாவின் திருப்புளி ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பேசிவைத்துப் பிரிந்தவர்கள்தான், ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது.

எட்டு வயசுப் பையன் வேஷம் பியூன் அண்ணனுக்கு. அவருக்கு நாற்பத்தைந்து வயசு. ஆபீஸிலேயே குள்ளம் அவர்தான், அது ஒன்றுதான் தகுதி. கட்டை என்று கூப்பிடுவார்கள். அரை டிராயரில் அவரைப் பார்த்துவிட்டு அவர் மனைவி இரண்டு நாள் பேசவில்லையாம்.

அலமாரி செய்யும் வேலை சித்தப்பாவிடம் வந்தது. நான் தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் வேடிக்கை பார்ப்பேன். முதலில் கதவே இல்லாமல் செய்தார். "திறந்தே இருந்தா ஜனங்களுக்கு உள்ளே நல்லாத் தெரியும் சார்" என்றார். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கதவு வந்தது, தாழ்ப்பாள் உள்பக்கம்.

"யோவ், உள்ளே தாழ்ப்பாள் இருந்தா பையன்தானய்யா பெரியப்பாவை வெளியே விட்டுப் பூட்டுறான்!"

"அதுவும் நல்லாத்தானே சார் இருக்கு?"

டைப்பிஸ்ட் அக்கா சட்டென்று நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு தன் தாளைப் பார்த்துக்கொண்டார்.

டைரக்டர் தானே ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து மேஜையில் வைத்தார். "நாளைக்குள்ள வெளிப்பக்கம் இது ஏறணும். முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு காரணத்தை எழுதி மேனேஜருக்குக் குடு. நான் வெளியாளை வச்சு முடிச்சுக்கறேன்."

அந்த ஆபீஸில் அதுதான் வழக்கம். லேட்டாக வந்தால் காரணம் எழுது, சீக்கிரம் போனால் காரணம் எழுது, நாற்காலி உடைந்தால் உட்கார்ந்ததற்குக் காரணம் எழுது. சித்தப்பா அந்த வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். எழுதினால் முப்பத்தெட்டு வருஷ ரகசியம் ஃபைலில் ஏறி, நம்பர் போட்டு, மூன்று பேர் கையெழுத்தோடு மேலே போகும். சாயங்காலம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏ குரங்கே, இந்தத் தாழ்ப்பாளை நீ முடுக்கு. என் கண்ணாடி வீட்டுல இருக்கு."

கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. நான் முடுக்கினேன். அவர் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் வந்து, அலமாரியின் பின்பலகையை முழுசாகப் பெயர்த்து எடுத்தார்.

"ஏன் சித்தப்பா?"

"பலகை பத்தல."

இருக்கிற பலகையைப் பெயர்த்துவிட்டுப் பத்தல என்று சொன்ன ஒரே தச்சர் அவராகத்தான் இருப்பார்.

நாடகத்தன்று நாங்கள் குடும்பத்தோடு மூன்றாவது வரிசையில் இருந்தோம். சித்தப்பா, ஏதாவது உடைந்தால் சரிசெய்ய, மேடை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டை அண்ணன் அரை டிராயரோடு வந்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டைரக்டர் அவரைக் காதைப் பிடித்து அலமாரிக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"பெரியப்பா! இனிமே செய்யமாட்டேன் பெரியப்பா!" என்று உள்ளேயிருந்து தட்டினார்.

இதற்குப் பிறகு பெரியப்பாவும் பெரியம்மாவும் மூன்று நிமிஷம் பேசவேண்டும். பெரியம்மா வேஷம் டைப்பிஸ்ட் அக்காவுக்கு; வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பேசி முடிகிறவரைக்கும் கட்டை அண்ணன் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒத்திகையில் ஒழுங்காகத் தட்டினார். ஆனால் ஒத்திகையில் மேடைக்குப் பின்னால் யாரும் டீ கொண்டுவரவில்லை. அன்றைக்கு வந்துவிட்டது. அலமாரிக்கு முதுகும் இல்லை. மனுஷன் பின்வழியாக இறங்கிப் போய்விட்டார்.

தட்டுகிற சத்தம் நின்றது.

பக்கத்தில் அப்பா, "பதிமூணு ஒண்ணு பதிமூணு" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்.

சித்தப்பா முக்காலியிலிருந்து எழுந்தார். நேராக மேடை நடுவுக்கு வந்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்து மேல் கீலில் வைத்தார்.

டைரக்டருக்கு வசனம் மறந்துபோனது. "யாருய்யா நீ?"

"கார்பெண்டர்."

"கதவைக் கழட்டச் சொன்னது யாரு?"

"உள்ளே பையன் இருக்கான்."

"தாழ்ப்பாளை இழுய்யா! தாழ்ப்பாளை!" என்று டைரக்டர் பல்லைக் கடித்தது மூன்றாவது வரிசைக்கே கேட்டது. இழுத்தால் ஒரே நொடி வேலை. சித்தப்பா அதன் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று கீல், கீலுக்கு நாலு ஸ்குரூ. ஒவ்வொன்றாகக் கழற்றினார். நடுக்கீலுக்கு வந்தபோது திருப்புளி இரண்டு தடவை ஸ்குரூவை விட்டு நழுவியது. டைப்பிஸ்ட் அக்கா பெரியம்மா சேலையோடு அவர் பக்கம் வந்து, மேடையிலேயே கைப்பையைத் திறந்து டார்ச்சை எடுத்து ஸ்குரூமேல் அடித்தார். மேடையில் விளக்கு வெளிச்சம் கண்ணைப் பறித்தது. ஆனாலும் டார்ச் அடித்தார். இன்னொரு கையை நீட்டி, விழுகிற ஸ்குரூவை வாங்கிக்கொண்டார்.

அக்கா எழுதிய நாடகத்தில் அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. கடைசிவரைக்கும்.

பன்னிரண்டாவது ஸ்குரூ வந்தது. சித்தப்பா கதவை இரண்டு கையாலும் தூக்கித் தாழ்ப்பாளோடு சேர்த்துப் பிடுங்கினார்.

அலமாரி காலி. அதன் வழியே பின்பக்கம் தெரிந்தது. அங்கே கட்டை அண்ணன் அரை டிராயரோடு, டீயில் பிஸ்கட் நனைத்தபடி நின்றிருந்தார். பாதி பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

தானே செய்த அலமாரி, தன் கையாலேயே முதுகைப் பெயர்த்த அலமாரி. அது காலியாக இருக்கலாம் என்று சித்தப்பாவுக்குத் தோன்றவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டி, மூலையெல்லாம் பார்த்தார். திரை இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நாங்கள் மேடைக்குப் பின்னால் ஓடினோம். டைரக்டர் ஒட்டு மீசையைப் பிய்த்து வீசிவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தார். "காரணம் எழுதிக் குடு! இப்பவே எழுதிக் குடு!"

"கீல்ல ஏதோ சத்தம் வந்துச்சு சார்…" என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"ஆமா சார், எனக்கும் கேட்டுது" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"எனக்கும்" என்றேன் நான். கீல் புத்தம்புதுசு. நானே எண்ணெய் விட்டது.

அதற்குள் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பிரமாதம்! அந்தக் கார்பெண்டர் சீன் இருக்கே! கதவைத் திறந்தா பையன் இல்ல, ஒரு வயசான ஆள் டீ குடிக்கிறான். என்ன ஒரு அர்த்தம்!"

டைரக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரொம்ப நாள் ஒத்திகை சார்."

"அடுத்த மாசம் ஹெட் ஆபீஸ்ல போடறோம். இதே மாதிரி."

மேனேஜர் போனதும் டைரக்டர் சித்தப்பாவின் தோளில் கைபோட்டார். "விடுய்யா. காரணமெல்லாம் வேண்டாம். அதே மாதிரி கழட்டினாப் போதும்."

சித்தப்பா பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்தார். "காரணம் வேணும்னா எழுதித் தரேன் சார். இப்ப முடியும்."

அப்பா தரையைப் பார்த்தார். டைரக்டர், "வேண்டாம்யா" என்றார், இந்தத் தடவை மெதுவாக.

"சரி. கழட்டறேன். ஆனா ஒண்ணு. கட்டை டீ குடிக்கப் போகக்கூடாது. நான் திறக்கும்போது உள்ளே ஆள் இருக்கணும்."

கட்டை அண்ணன் அழுகிற மாதிரி ஆனார். "பன்னெண்டு ஸ்குரூ கழட்டறவரைக்குமா? எனக்கு இருட்டுன்னா பயம்யா!"

"டார்ச் தரேன்" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

சித்தப்பா திருப்புளியை எடுத்துக் கட்டை அண்ணன் கையில் வைத்தார். "இதையும் வச்சுக்க. ஒண்ணும் செய்யவேண்டாம். சும்மா கையில இருக்கட்டும்."

"அப்ப நீங்க எதால கழட்டுவீங்க?"

சித்தப்பா குனிந்து, கால்சட்டையை உயர்த்தி, சாக்ஸுக்குள்ளிருந்து இன்னொரு திருப்புளியை உருவினார். அது அங்கே இருப்பது சித்திக்கே தெரியாது.