பதினேழாம் நம்பரில் நான் செத்துக் கிடக்கிறேன்

லாட்ஜில் ராத்திரி டூட்டி என்பது, அடுத்தவன் தூக்கத்துக்கு விடிய விடியக் காவல் இருந்துவிட்டு, நம்ம தூக்கத்தைப் பட்டப்பகலில் குக்கர் விசிலுக்கும் கீரைக்காரம்மா குரலுக்கும் நடுவே தேடுகிற வேலை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் பதினாலு வருசமாக இதைத்தான் செய்கிறேன். கெட்ட கனவு கண்டு, வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்கார்ந்து, "இதனால ஹார்ட்டுக்கு ஏதாச்சும் ஆயிருமோ" என்று போனில் தேடிப் படிக்கிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பகலில் அலறுகிறவன் கொஞ்சம் கூடுதல் பாவி. அக்கம்பக்கம் முழித்திருக்கும்.

தட்டுகிற வேலை

எங்கள் வேலையில் முக்கியமானது எழுப்புவது. விடிகாலைத் தேனி பஸ், கோயம்புத்தூர் பஸ் என்று கெஸ்டுகள் நேரம் சொல்லிவிட்டுப் படுப்பார்கள். ரூம் நம்பரையும் மணியையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, அந்த நேரத்துக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து "ம்" வருகிறவரை விடக் கூடாது.

கனவிலும் எனக்கு அதே வேலைதான், சம்பளம் மட்டும் இல்லை. மாசக்கணக்காக ஒரே கனவு. பதினேழாம் நம்பர் கதவைத் தட்டுகிறேன், பதில் இல்லை. திறந்தால் பினாயில் வாசனை வரைக்கும் எல்லாம் அச்சு அசல். கட்டிலில் கிடப்பது நான். செத்த நான். சரி, போய்த் தொலையட்டும் என்று திரும்பினால், சில்லென்று ஈரமான கை ஒன்று என் மூக்கைத் தேடி வரும். அங்கேதான் அலறி எழுந்திருப்பேன்.

விளாங்குடியில் எங்கள் வீடு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கனவில் நான் கதவைத் தட்டும்போது நிஜத்தில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டுகிறேனாம். அங்கே குடியிருக்கிற ரிட்டயர்டு வாத்தியார் இரண்டு தடவை எழுந்துவந்து வாசல் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். மூணாவது தடவை சுவர் வழியாகவே கத்தினார்: "தம்பி, நான் முழிச்சுத்தான் இருக்கேன், எனக்கு எந்த பஸ்ஸும் கிடையாது!"

இருமல் நின்ற கதை

சிரிக்கலாம். ஆனால் எங்க அப்பா ஐம்பத்திரண்டு வயசில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், காப்பிக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த வயசு வர அப்போது மூணு மாசம் பாக்கி. படிப்பு பத்தாவதோடு நின்றது. மிச்சமெல்லாம் கெஸ்டுகள் விட்டுப்போன புத்தகத்திலும் போனிலும் நானே படித்ததுதான். அதில் பாதி தைரியம் சொல்லும், பாதி வயிற்றைக் கலக்கும். நான் கலக்குகிற பாதியைத்தான் இரண்டு தடவை படிப்பேன். பொண்டாட்டி பாண்டிச்செல்வியிடம் மூச்சு விடவில்லை. ஏன் அலறினீர்கள் என்றால், செரிக்கவில்லை என்று சொல்லிவைத்தேன்.

அவளிடம் மறைத்த பயம் டூட்டியில் வெளியே வந்தது. எழுப்பச் சொல்லாத ஆட்களையும் எழுப்ப ஆரம்பித்தேன், இருக்கிறார்களா என்று பார்க்க. பன்னிரண்டாம் நம்பரில் போடியிலிருந்து வந்த ஒரு ஏலக்காய் வியாபாரி. ராத்திரி ஒரு மணிவரை லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே இருந்தார். திடீரென்று சத்தம் நின்றது. அஞ்சு நிமிஷம் பொறுத்தேன், மனசு கேட்கவில்லை. போய்ப் படபடவென்று தட்டினேன். வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தார். "ஒண்ணுமில்லண்ணே, இருமல் நின்னுபோச்சு, அதான்..." என்றேன். அவர் சொன்னார்: "மூணு நாளு கழிச்சு இப்பத்தான்யா நின்னுச்சு, அது பொறுக்கலையா உனக்கு?"

நோட்டில் எழுதியது

கனவை எழுதிவைத்தால் பாரம் குறையும் என்று எங்கேயோ படித்தேன். வீட்டில் எழுதினால் பாண்டிச்செல்வி பார்த்துவிடுவாள். லாட்ஜில் கைக்குக் கிடைத்தது, கெஸ்டுகளை எழுப்புகிற அந்த நோட்டுதான். பின்பக்கமாவது எழுதியிருக்கலாம். புத்தி வேலை செய்யவில்லை. நாலரை மணித் தேனி பஸ்ஸுக்குக் கீழேயே எழுதினேன்: "ரூம் 17. தட்டினேன். பதில் இல்லை. கட்டிலில் ஆள் கிடக்கிறார். உடம்பு சில்லிட்டுவிட்டது."

காலையில் பகல் டூட்டிக்கு வந்த செல்வம் நோட்டைப் பிரித்தபோது நான் விளாங்குடியில் போனை அணைத்துவைத்துவிட்டுப் படுத்திருந்தேன். செல்வம் எனக்கு அடித்துப் பார்த்துவிட்டு முதலாளிக்கு அடித்திருக்கிறான். முதலாளி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவர, கூட்டிப் பெருக்குகிற அக்கா வராண்டாவிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். தட்டினால் பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனால், மாசாமாசம் வருகிற மருந்து கம்பெனி ரெப், பாத்ரூம் வாசலில் இடுப்பில் துண்டும் முகமெல்லாம் சோப்பு நுரையுமாக நிற்கிறார். பைப் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லையாம். நோட்டை வாங்கிப் படித்தார். கோபப்படவில்லை. முதலாளியைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, டிபன் உண்டா, இல்ல நேரா தத்தனேரி சுடுகாடுதானா?"

அசையாமல் படுக்கணும்

"மாப்ள, ஒண்ணு நீ டாக்டரைப் பாரு, இல்ல நான் வேற ஆளைப் பாக்குறேன்" என்றார் முதலாளி. மறுநாள் டூட்டி முடிந்த கையோடு போனேன். ஈ.சி.ஜி. எடுக்க நர்ஸம்மா நெஞ்சிலும் காலிலும் ஒயரை மாட்டி, அசையாமல் படுக்கச் சொன்னார். மேலே ஃபேன், கீழே மெத்தை. ராத்திரி பூரா முழித்தவன் வேறென்ன செய்வான்? பதினேழாம் நம்பர் வந்துவிட்டது. தட்டிய தட்டில் ஒயர் ரெண்டு கழன்று விழுந்து, காகிதத்தில் கோடு கொடைக்கானல் மலை மாதிரி ஏறி இறங்கியிருந்தது. ஒரு விசேஷம், அன்றைக்கு அந்த ஈரக் கை மட்டும் வரவில்லை.

மறுபடி எடுத்ததில் கோடு ஒழுங்காக வந்தது. ஹார்ட் நல்லாத்தான் இருக்கிறது, கனவைவிட தூக்கம் குறைவதுதான் உடம்புக்கு ஆகாது என்றார் டாக்டர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னார். வெளியே வரும்போது நர்ஸம்மா சொன்னார்: "ஈ.சி.ஜி.க்குப் பயந்த ஆளைப் பாத்திருக்கேன், அழுத ஆளைப் பாத்திருக்கேன், குறட்டை விட்ட ஆளை இன்னைக்குத்தான்ணே பாக்குறேன்."

அரிசி களைந்த கை

வேறு வழியில்லை. வீட்டில் கேட்டுத்தானே ஆகணும்? பாண்டிச்செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கனவு, நோட்டு, அப்பா வயசு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூச்செல்லாம் நிக்கல. தினமும் பாக்குறவ நான்தானே?"

"என்னத்தைப் பாக்குற?"

"மாமா போன வயசு எனக்குத் தெரியாதா? ஆறு மாசம் முன்னாடி ஒருநா அசைவே இல்லாமக் கிடந்தீங்க. உசுரே போயிருச்சு எனக்கு. அன்னையிலருந்து உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி, உங்க மூக்குல விரலை வச்சுப் பாத்துட்டுத்தான் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அரிசி களைஞ்ச ஈரக் கையோடயா?"

"பின்ன, மருதாணி வச்சுக்கிட்டா வருவாங்க? நீங்க அலறுனாத்தான் எனக்கு நிம்மதி, ஆளு இருக்காருன்னு அடுப்படிக்குப் போயிருவேன்."

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு நடக்கிறது, பதினேழாம் நம்பரில் நான் இன்னும் செத்துத்தான் கிடக்கிறேன், ஆனால் மூக்குக்கு வருகிற கை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டு வருகிறது.